பிரிக்காதீர்கள் என்று சொல்லிக் கொடுத்த பெட்டி

தம்பி,

இதை நீ ஒரே மூச்சில் படித்துவிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் அது ஏதோ ஆபீஸ் விளக்கம் மாதிரி ஆகிவிடும். பாதியில் நிறுத்திவிட்டு "நோட்டட், அம்மா" என்று பதில் போடுவாய். ஒவ்வொரு சொல்லிலும் நீ கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இதன் ஒரு பிரதியை நம் குடியிருப்புத் தமிழர்கள் சேர்ந்து போடும் ஆண்டு மலருக்கும் கொடுக்கிறேன். அதில் உன் பெயர் இருக்காது. மயூர் விஹாரில் நம்மைத் தெரிந்தவர்களுக்கு அது தேவையும் இல்லை.

சுற்றி வளைப்பானேன். நீ என்னை நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய். சனிக்கிழமை நீயும் உன் மனைவி நிதியும் உன் புது வேலைக்காகச் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறீர்கள். அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்று மூன்று நாளாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "விடேன், புள்ளை ஊருக்குப் போற நேரத்துல எதுக்கு?" என்றார். விட முடியவில்லை.

மலரில் படிக்கிறவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீயும் கேள், உனக்கு மறந்திருக்கும். முப்பது வருஷம் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்திவிட்டு ஓய்வுபெற்றபோது எனக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தையின் கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்தால் அதன் பேச்சு என்ன ஆகிறது? இதைப் பற்றி எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. லிஃப்டில் ஏறினால் லிஃப்டில் ஒன்று, பார்க்கில் நடந்தால் பார்க்கில் ஒன்று. ஆனால் நம் டெல்லிச் சந்துகளில் வளரும் தமிழ்க் குழந்தைகளைப் பற்றி நான் தேடிய இடத்திலெல்லாம் ஒன்றும் கிடைக்கவில்லை. நம் வீட்டிலிருந்து ஈ-ரிக்‌ஷாவில் பத்து நிமிடத்தில் இருக்கிறது அப்படி ஒரு குடியிருப்பு. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து வீட்டு வேலையும் கட்டட வேலையும் செய்கிறவர்கள். நம் வீட்டில் பாத்திரம் தேய்த்த முனியம்மா அங்கிருந்துதான் வந்தாள். அங்கே போய்ப் பதிவு செய்வதென்று முடிவு செய்தேன்.

வேலை முறை எளிது. குழந்தைக்கு நெஞ்சில் பை வைத்துத் தைத்த ஒரு சட்டை. பைக்குள் தீப்பெட்டி அளவு ரெக்கார்டர். ஒரு நாள் முழுக்க அது ஓடும். பிறகு நாங்கள் கேட்டு, அந்தக் குழந்தையிடம் யார் என்ன பேசினார்கள், அது என்ன பேசியது என்று எழுதுவோம். ஒரு வருஷம் கழித்து அதே குழந்தைக்கு மறுபடி. பாதி வீடுகள், நாள் முழுக்கப் போன் ஓடுகிற வீடுகள். மீதிப் பாதியில் ஒரே ஒரு போன்தான், அதையும் அப்பன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான். இந்த இரண்டையும் ஒப்பிடுவதுதான் மொத்த ஆய்வும். ஒரு பக்கம் கலைந்தால் மறுபக்கமும் குப்பைக்குப் போக வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்காகச் சுவரில் ஒரு அட்டை மாட்டினேன். குழந்தை அரைமணி நேரம் திரையைப் பார்த்தால் ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அன்றைய கட்டத்தில் ஒட்ட வேண்டும். பொட்டு அட்டைகளை மொத்தமாக வாங்கி வந்ததே நீதானே. "யே க்யா ரிசர்ச் ஹை அம்மா, கல்யாணக் கடை மாதிரி இருக்கு" என்று சிரித்தாய்.

இதற்கு அப்படி ஒன்றும் கொள்ளைப் பணம் வேண்டாம். ரெக்கார்டர்கள், கேட்டு எழுத இரண்டு பெண்களுக்குச் சம்பளம், போக்குவரத்து. அதைத் தரத்தான் ஆளில்லை. லோதி ரோடில் ஆய்வுக்குப் பணம் தரும் அரசு அலுவலகத்துக்கு எத்தனை முறை பஸ் ஏறினேன் என்று உன் அப்பாவைக் கேள். அவர் வேலை பார்த்த கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடம். அதனால் செக்யூரிட்டிக்காரன் மட்டும் மரியாதையாகச் சலாம் வைப்பான். உள்ளே ஒரு அதிகாரி நல்ல மனுஷர், டீ கொடுப்பார். "ஆப்கி பாத் பில்குல் சஹி ஹை, மேடம். லேகின்..." என்பார். நீங்கள் சொல்வது ரொம்பச் சரி, ஆனால் என்று அர்த்தம்; அந்த 'லேகின்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் எழுந்து போய்விடத் தோன்றுகிறது. ஒரு முறை விண்ணப்பம் குறிப்போடு திரும்பி வந்தது. 'குழந்தைகளுக்குத் திரையால் கிடைக்கும் நன்மைகள்' என்று தலைப்பை மாற்றினால் பரிசீலிக்கலாமாம். முடிவைத் தலைப்பிலேயே எழுதிவிட்டால் அப்புறம் ஆய்வு என்னத்துக்கு என்று கோபப்பட்டுக் கோப்பை மூடிவிட்டேன். அன்றைக்கு இருந்த ரோஷத்தை நினைத்தால் இன்று எனக்கே சிரிப்பு வருகிறது.

அப்போதுதான் நீ வந்தாய். குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் காட்டுகிற ஆப் நடத்தும் குருகிராம் கம்பெனியில் நீ பெரிய ஆள் ஆகியிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய். "அம்மா, எங்க கம்பெனி ஒரு ஃபவுண்டேஷன் வெச்சிருக்கு. இந்த மாதிரி ரிசர்ச்சுக்குத்தான் அதுல ஃபண்டே இருக்கு. நீ ஏன் ஆபீஸ் ஆபீஸா அலையறே?" நான் திருப்பிக் கேட்டேன், "ஏண்டா, திரை பார்த்தா பேச்சு குறையுதுன்னு வந்தா என்ன பண்ணுவீங்க?" நீ கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாய். "வரட்டும்மா. உண்மை தெரிஞ்சாத்தானே நாங்களும் சரிபண்ண முடியும்?"

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் பூரித்துப் போயிருந்தேன் தெரியுமா? அப்பா உடனே செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஜிலேபி வாங்கி வந்தார். கூடப் படித்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டேன். கம்பெனிப் பணம் வேண்டாம், ஜாக்கிரதை என்று இரண்டு பேர் சொன்னார்கள். வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

முதல் பதிவு நன்றாக முடிந்தது. கலந்துகொண்ட குடும்பங்களுக்கு நன்றிக்காக ஏதாவது கொடுக்க வேண்டும். நான் குக்கர் என்று எழுதியிருந்தேன். நீ அதை அடித்துவிட்டு உங்கள் ஆப் போட்ட டேப்லெட் என்று போட்டாய். "குக்கர் எல்லாம் அவுட்டேட்டட்மா. அவங்க பெரிய பசங்க படிக்கவும் ஆகும்." சரி, ஆய்வு முழுக்க முடிந்த பிறகு கொடுப்போம் என்றேன். தீபாவளி நெருங்கியபோது போன் செய்தாய். ஃபவுண்டேஷனில் பண்டிகைக்குள் கொடுத்தாக வேண்டுமாம், போட்டோ வேண்டுமாம், இல்லையென்றால் அடுத்த தவணை சிக்கலாகுமாம். நான் தயங்கினேன். "பெட்டியைப் பிரிக்காதீங்கன்னு சொல்லிக் குடும்மா. நீ சொன்னாக் கேப்பாங்க, உன்மேல அவ்ளோ மரியாதை அவங்களுக்கு" என்றாய். முகஸ்துதிக்கு மயங்காத பெண் உண்டா? நான் போனேன். ஒவ்வொரு தாயின் கையிலும் என் கையாலேயே கொடுத்தேன், போன் இல்லாத வீடுகளுக்கும் சேர்த்துத்தான். "அடுத்த வருஷம் ரெண்டாவது தடவை சட்டை போடற வரைக்கும் பிரிக்கக் கூடாது" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். "பிரிக்க மாட்டோம் மேடம்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். படித்த முட்டாள்தனம் என்றால் இதுதான். கையில் லட்டைக் கொடுத்து வருஷம் கழித்துத் தின்னு என்று நான் சொன்னேன், அவர்களும் சரி என்றார்கள், நானும் நம்பினேன்.

ஒரு வருஷம் போயிற்று. போன் இல்லாத வீடுகளின் சுவர் அட்டைகள் துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தன, ஒரு பொட்டுக் கிடையாது. இரண்டாவது பதிவையும் எடுத்தோம். கேட்டு எழுதி, கூட்டிப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. எனக்கு ஆச்சரியம்தான். இன்னொன்றும் உறுத்தியது: முதல் பதிவில் வாயாடிகளாக இருந்த பிள்ளைகள்கூட இரண்டாவதில் அடங்கிப் போயிருந்தார்கள். ஊரெல்லாம் காய்ச்சல், சோர்ந்திருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கட்டுரையில் எழுதினேன். மாணவி யாராவது அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். கட்டுரை வெளிவந்தது. ஒரு வாரத்தில் உங்கள் கம்பெனி விளம்பரம் போட்டது. மூத்த ஆய்வாளர் ஒருவரே சொல்லிவிட்டார், எங்கள் ஆப்பைப் பார்க்கும் குழந்தையும் பார்க்காத குழந்தையும் ஒன்றுபோலத்தான் பேசுகின்றன என்று. அதை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, கீழே ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தாய்.

முடிவு வந்ததும் திரும்ப வந்து சொல்வேன் என்று அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் போனேன். முதலில் செல்வி வீடு. செல்வி பக்கத்து அடுக்குமாடிச் சொசைட்டியில் நான்கு வீடு வேலை பார்ப்பவள், விழுப்புரத்துக்காரி. அவள் மகள் காவியாவை எனக்கு மறக்காது. முதல் பதிவில், ஒன்றரை வயதில், தண்ணீர் டேங்கர்க்காரனோடு அரைமணி நேரம் சண்டை போட்ட பிள்ளை. "தண்ணி ஊத்து, எங்கம்மாக்கு ஊத்து" என்று அது கத்தியதைக் கேட்டுக் கேட்டு எழுதிய பெண்கள் இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது அது சுவரோரம் உட்கார்ந்திருந்தது. மடியில் டேப்லெட். நான் பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டேன். நிமிரவில்லை.

"எப்பப் பிரிச்சே, செல்வி?" என்றேன்.

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். "அன்னிக்கு ராத்திரியே மேடம். பெரியவன் உட மாட்டேன்னு அழுதான்."

"பொட்டு ஒட்டவே இல்லையே?"

"பிரிக்காதீங்கன்னு சொல்லிக் குடுத்தீங்க. பிரிச்சிட்டு, அதுக்குப் பொட்டும் ஒட்டி வெச்சா உங்க மூஞ்சில எப்படி மேடம் முழிக்கறது? நீங்க சட்டை போட வர்ற அன்னிக்கு மட்டும் அணைச்சு மேல வெச்சிடுவோம். எல்லா வூட்லயும் அப்பிடித்தான். நீங்க குடுத்ததுதானே, கெட்டதா இருக்குமான்னு நெனச்சோம்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. விருந்தாளி வருகிறார் என்று வீட்டைப் பெருக்கி வைப்பதுபோல எனக்காகத் திரையை அணைத்து வைத்திருக்கிறார்கள். மரியாதை கெட்டுவிடக் கூடாது என்று அட்டையைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். மற்ற வீடுகளுக்கும் போனேன். இதே கதை. ஒப்பிட எனக்கு இரண்டு தரப்பு இருக்கவே இல்லை. ஒரு வருஷமாக இருந்தது ஒரே தரப்பு, அதை உண்டாக்கியவள் நான்.

இது வரைக்கும் என் முட்டாள்தனம். இனிமேல் வருவது உன்னுடையது. திரும்பி வந்து உனக்குப் போன் செய்தேன். ஒரு சந்தேகம் மட்டும்தான் கேட்டேன். அந்த டேப்லெட்டில் உங்கள் ஆப்பைத் தவிர வேறொன்றும் கிடையாதே, எந்த டேப்லெட் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? "தெரியும்மா. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல, டாஷ்போர்டுல வரும்" என்றாய். எப்போதிலிருந்து? "மொதல்லேர்ந்தே." நீ பார்த்தாயா? "வாரா வாரம் எனக்குத்தான் ரிப்போர்ட் வரும்." அப்புறம் ஏண்டா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"நீ கேக்கலையேம்மா."

தம்பி, நான் எதைக் கேட்டிருக்க வேண்டும்? அந்தச் சந்தில் எந்தப் பிள்ளை காலை எட்டு மணிக்கு எதைப் பார்க்கிறது, சோறு உண்ணும்போது எதைப் பார்க்கிறது என்று உன் மேஜையில் கோடு கோடாக வந்துகொண்டிருந்தது. நான் ஊமை அட்டையில் பொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் வந்து, "ரிசர்ச் எப்படிப் போகுது அம்மா?" என்று என் எதிரில் உட்கார்ந்து கேட்டாய். நான் வாய் ஓயாமல் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு சாம்பாரை ஊற்றிக்கொண்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் போட்ட சோற்றிலேயே மறைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கம்பெனி ஏமாற்றியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், அவ்வளவுதான். வெளியார் செய்வதற்குக் கோபப்பட்டால் போதும். இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாக உன் போட்டோ இருக்கும் அலமாரிப் பக்கம் நான் திரும்புவதில்லை.

அன்று போனில் நீ இன்னொன்றும் சொன்னாய். "என்னை வளர்த்ததே டிவிதானேம்மா. நான் என்ன கெட்டுப் போயிட்டேன்?" அது சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் பாதி உண்மை. உனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது நான் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஒரே அறை. உன்னைக் கார்ட்டூன் முன்னால் உட்கார வைத்துவிட்டு, உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழந்தைகளோடு தாய் பேச வேண்டியதன் அவசியம் பற்றி எழுதினேன். சிரிக்காதே, அதுதான் என் தலைப்பு. நீ தண்ணீர் கேட்டது இந்தியில். அப்பாவிடம் கோபித்துக்கொண்டது இந்தியில். நீ ஏதாவது புதுச் சொல் சொன்னால் நான் பதில் சொல்லாமல் நோட்டில் குறித்துக்கொள்வேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், இன்று வரை கேட்டதில்லை. ஆனால் நீ அதை வைத்து என் வாயை அடைக்கப் பார்த்தாய் பார், அது வேறு. என் குற்றம் உன் குற்றத்துக்குச் சாட்சி சொல்ல வராது.

சாட்சி சொல்ல வேறொன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சி. வெளிச்சத்தில் ஒரு செடி, அலமாரிக்குள் ஒரு செடி. நடுவில் பரீட்சை வந்தது, இரண்டுக்கும் தண்ணீர் ஊற்ற மறந்து இரண்டுமே காய்ந்துவிட்டன. நீ அழுதாய். நான் உன்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ரோட்டோர நர்சரிக்குப் போனேன். பச்சைப் பசேல் என்று ஒன்று, மூலையில் நோஞ்சானாகக் கிடந்தது ஒன்று. "பையா, வோ பீலாவாலா பீ தே தோ" என்று அந்த மஞ்சள் பூத்ததையும் நீயே கை காட்டிக் கேட்டாய். கடைக்காரர் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். உனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியில் நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கு உன் காதைத் திருகி, காய்ந்த செடிகளையே கொண்டுபோய் வை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஆராய்ச்சிக்காரி தன் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் அது. நான் வண்டி ஓட்டினேன்.

இவ்வளவுக்குப் பிறகும் போன ஞாயிறு துவாரகாவில் உன் வீட்டுக்கு வந்தேன். நிதிக்கு ஆறாவது மாதம். வளைகாப்பு இங்கே செய்ய முடியாது, குறைந்தபட்சம் ஐந்து வகைச் சாதமாவது பிள்ளைத்தாய்ச்சிக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று பார்த்ததுமே புரிந்தது. புளிசாதத்தை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் பெருமையாகச் சொன்னாள்: "மம்மிஜி, இவர் ரொம்ப ஸ்ட்ரிக்ட். பேபிக்கு மூணு வயசு வரைக்கும் நோ ஸ்கிரீன், போன், டிவி எதுவும் கிடையாதுன்னு ரூல் போட்டுட்டார். சிங்கப்பூர் வீட்டுக்கு டிவியே வேண்டாம்னுட்டார்." அவள் இந்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதியிருக்கிறேன், வேறெதையும் மாற்றவில்லை. நீ தயிர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனாய். தயிர்க் கிண்ணம் மேஜையில்தான் இருந்தது.

பிறகு பால்கனியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாய். "அம்மா, ப்ளீஸ், இப்ப எதுவும் பண்ணாதே. நான் அங்க ஜாயின் பண்ணி செட்டில் ஆகட்டும். அப்புறம் நீ கட்டுரையை வாபஸ் வாங்கு, என்ன வேணா எழுது. நிதி இருக்கற நிலைமையில வேலை போச்சுன்னா என்ன பண்ணுவேன்?" நான் பெற்ற பிள்ளை பயந்து நிற்பதைப் பார்க்கிறேன், எனக்கு மனசு கேட்குமா? சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செல்வியின் மகள் ஞாபகம் வந்தது. அது நிமிர்ந்து பார்க்காத ஒவ்வொரு நாளும் நீ கேட்கிற அவகாசத்தில் கழிகிற நாள். உன் பிள்ளைக்கு ஒரு விதி, அவள் பிள்ளைக்கு ஒரு விதி என்று எழுதிக்கொண்டவன் நீ. இதில் நான் எப்படி உன் பக்கம் நிற்பேன்?

திங்கட்கிழமை காலை கட்டுரை வெளியிட்டவர்களுக்கும், என் ஆய்வுக்கு அனுமதி தந்த குழுவுக்கும் கடிதம் அனுப்பிவிட்டேன். கட்டுரையை வாபஸ் வாங்குகிறேன். டேப்லெட்டை நான் கொடுத்ததையும், உங்கள் கணக்கில் எல்லாம் பதிவானதையும், அது உனக்குத் தெரிந்திருந்ததையும் எழுதியிருக்கிறேன். இன்னொன்றும் எழுதினேன், அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. பணம் தரும் இடத்தில் உறவினர் யாராவது வேலை செய்கிறார்களா என்று முதல் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. "ஃபவுண்டேஷன் வேற, கம்பெனி வேற அம்மா, இல்லைன்னு போடு" என்றாய். அது வேறு வேறு இல்லை என்று எனக்குத் தெரியும். இல்லை என்று போட்டேன். ஆக, நீ என்னை ஏமாற்றுவதற்கு முன்பே நாம் இரண்டு பேரும் சேர்ந்து மற்றவர்களை ஏமாற்றிவிட்டோம். என் முப்பது வருஷப் பெயர் போகும். போகட்டும். உன் வேலை போகுமா என்று தெரியாது. போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் அனுப்பினேன். அப்படி வேண்டிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

செவ்வாயன்று குடியிருப்புக்குப் போனேன். குழாயடியில் பெண்கள் எல்லோரையும் உட்கார வைத்து, போன ஆய்வு பொய்யாகிவிட்டது, அந்த டேப்லெட்டைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். ஒருத்திகூடச் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். செல்வி மட்டும், "அப்ப எம்பொண்ணு முன்ன மாதிரி பேசுமா மேடம்?" என்று கேட்டாள். பேச வைக்கப் பார்ப்போம், தினமும் காலையில் நான் வருகிறேன், நீயும் வேலை முடிந்து வந்ததும் அதோடு பேசு என்றேன். நிச்சயமாகப் பேசும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இருந்திருக்கும், ஆய்வு ஒழுங்காக நடந்திருந்தால்.

அப்புறம் அவள் கேட்டாள். "நாங்க எவ்ளோ நேரம் போட்டோம்னு அங்கேருந்து பாத்துக்கினே இருந்தாங்கன்னு சொன்னீங்களே. யாரு மேடம் அது?"

அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். கம்பெனிக்காரர்கள் என்று சொல்லியிருக்கலாம், யாரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள். "என் மகன்" என்றேன்.

செல்வி, "அந்தத் தம்பிக்குப் புள்ளைங்க இருக்கா?" என்றாள். பிறக்கப் போகிறது என்றேன். "அதுக்கும் இதத்தான் குடுப்பாரா?"

அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும். நீ போட்ட விதியை நிதி வாயாலேயே கேட்டுவிட்டுத்தானே வந்தேன். ஆனால் அதை நான் சொல்ல முடியாது. நீதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவர்கள் வேலைக்குக் கிளம்பும் முன், குழாயடியில் இருப்பார்கள். நீ வருவாய் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தமிழில் பேசு, தப்பாக வந்தாலும் பரவாயில்லை, அவர்கள் புரிந்துகொள்வார்கள். நீ வரவில்லையென்றால் சனிக்கிழமை வழியனுப்ப நான் ஏர்போர்ட்டுக்கு வர மாட்டேன். அப்பா வருவார்.

அம்மா